சடைநாகுக் கடன்

கலீலுர் றஹ்மான் திபெத்திலுள்ள ஒரு மாட்டுக்காரனுக்கு ஒரு நாகு கடன்பட்டிருந்தார். நாகு என்றால் இன்னும் கன்று போடாத இளசு. அந்த வருடம் கந்தளாய்ப் பக்கத்து விலைக்கு அதன் பெறுமதி ஒரு இலட்சத்து எண்பத்தையாயிரம் ரூபா. கடன் கொடுத்தவனின் பெயர் இவருக்குத் தெரியாது, இவருடைய பெயர் அவனுக்கும் தெரியாது. ஆனால் இரண்டு பேரும் விடியற்காலைகளில் வில்லின் இக்கரையிலும் அக்கரையிலும் நின்று ஒருவரையொருவர் கண்டிருக்கிறார்கள்.

வில்லு என்பது மகாவலி பெருகும்போது குளமாகவும் வற்றும்போது புல்வெளியாகவும் கிடக்கிற பள்ளம். அதன் கிழக்குக் கரையில், மூதூரிலிருந்து வெருகலுக்குப் போகிற வழியில், தில்லைத்திடல் இருக்கிறது. ஒரு தெரு, ஒரு பள்ளிவாசல், இரண்டு கடை, பால் சேர்க்கிற ஒரு கொட்டில், மிச்சமெல்லாம் மாட்டுப் பட்டி. மாரியில் வயல் விதைத்ததும் மாடுகளைக் காட்டுப் பக்கம் ஏற்றுவார்கள், கோடையில் வில்லுக்கு இறக்குவார்கள். ஒவ்வொரு வருடமும் யாராவது வந்து புல்தரையில் கொஞ்சத்தைக் கம்பி வேலி போட்டு எடுத்துக்கொள்வார்கள். மாடுகள் மிச்சத்தில் மேயும். சனமும் அப்படித்தான்.

பால்மாவுக்கும் டீசலுக்கும் ஆட்கள் வரிசையில் நின்ற வருடத்துக் கோடையில் வில்லின் மேற்குக் கரையில் ஒரு ஊர் வந்து நின்றது. விடியும்போது தெரியும், வெயில் ஏறப் போய்விடும். அதுவும் ஒரு தெரு ஊர்தான். தகரக் கதவு போட்ட கடைகள், ஒரு பெற்றோல் செட், இருக்கையில் கம்பளம் விரித்த மோட்டார் சைக்கிள்கள், சுவரில் தட்டிக் காயவைத்த வறட்டிகள், கூரைக்குக் கூரை கட்டிய வர்ணத் துணிகள். தெரு முடிகிற இடத்தில் கறுப்புக் கூடாரங்கள், அதற்கப்பால் தலை வெளுத்த மலைகள். தில்லைத்திடல்காரர் முதலில் இதை ஏதோ புதுக் குடியேற்றம் என்று நினைத்துக் கிராம சேவகரிடம் போய்க் கேட்டார்கள். தனக்கு அப்படி ஒரு கடிதமும் வரவில்லை என்று அவர் சொன்னார். நடந்து போய்ப் பார்த்தவர்களுக்கு ஊர் கிட்ட வரவில்லை. எவ்வளவு நடந்தாலும் அது வில்லுக்கு அங்கால்தான் நின்றது. மாடுகளுக்கு மட்டும் அந்தக் கஷ்டம் இருக்கவில்லை. அவை காலையில் அந்தப் பக்கம் போய் மத்தியானம் முதுகில் பனித்துகளோடு திரும்பி வந்தன.

அது எந்த ஊர் என்று கண்டுபிடித்தவன் கலீலுர் றஹ்மானுடைய மனைவி றுக்கியாவின் தம்பி நிப்றாஸ். அவன் கட்டாரில் கட்டட வேலை செய்து வந்தவன். போனில் படம் பிடித்து, தன்னோடு ஒரே அறையில் இருந்த நேபாளத்துக்காரனுக்கு அனுப்பினான். இது எங்கள் மலைக்கு அந்தப் பக்கம், திபெத்து, மாடு மேய்க்கிற சின்ன டவுன், பெயர் தெரியாது, இப்படி அங்கே நிறைய இருக்கிறது என்று பதில் வந்தது. சடை தொங்குகிற அந்த மாடுகளுக்கு யாக் என்று பெயராம். தில்லைத்திடல்காரர் சடைமாடு என்றே சொன்னார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அங்கேயும் புல்தரையில் கம்பி வேலி போட்டிருந்தது தெரிந்தது. அதைக் கண்ட பிறகு அந்த ஊரைப் பற்றிப் பெரிதாக யாரும் பயப்படவில்லை.

கோடை நடுவில் குறிசுடும் நாள் வரும். எல்லாப் பட்டிகளையும் ஒரே இடத்தில் சேர்த்து, கன்றுகளுக்கும் நாகுகளுக்கும் அவரவர் குறியை இரும்பில் பழுக்கக் காய்ச்சிச் சுடுவார்கள். குறியில்லாத மாடு ஒன்று ஒருவருடைய பட்டிக்குள் நின்றால், அவர் திசைக்கு மூன்று தரம் கூப்பிட வேண்டும்: குறியில்லாத மாடு நிக்குது, உரியவர் வாங்க. பதில் வந்தால் கொடுத்துவிட வேண்டும். வராவிட்டால் மாடு அவருக்கு. ஒருமுறை குறி விழுந்துவிட்டால் பிறகு யார் வந்து கேட்டும் பயனில்லை, இன்னொருவருடைய குறி இருக்கிற மாட்டை எந்த மாட்டுக்காரனும் தன் பட்டியில் கட்ட மாட்டான். பழைய காலத்தில் நான்கு திசைக்கும் கூப்பிட்டார்கள். யுத்தத்தில் மேற்குப் பக்கத்துப் பட்டிகள் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வராததால், மேற்கே கேட்பதற்கு ஆளில்லை என்று அந்தத் திசையை விட்டுவிட்டார்கள். வடக்கே மூதூருக்கு, கிழக்கே கடற்கரை ஊர்களுக்கு, தெற்கே வெருகலுக்கு. அவ்வளவுதான் வழக்கமாகிவிட்டது.

அந்த வருடம் கலீலுர் றஹ்மானுடைய எருமைகளுக்கு நடுவில் ஒரு சடைநாகு நின்றது. கறுப்பு, நெற்றியில் சாம்பல் நிறச் சுழி, வயிற்றுச் சடை நிலத்தைத் தொட்டது. அவர் வடக்கே கூப்பிட்டார், கிழக்கே கூப்பிட்டார், தெற்கே கூப்பிட்டார். பதில் இல்லை. சடையை விலக்கித் தொடையில் தன்னுடைய பிறைக்குறியைச் சுட்டார். பக்கத்தில் நின்றவர் வெருகல் காசிநாதர். இரண்டு பேருடைய பட்டிகளும் நெடுங்காலமாக ஒன்றாக மேய்கிறவை; கலீலுர் றஹ்மானை அவர் சோனகர் முறையில் காக்கா, அண்ணன், என்றே கூப்பிடுவார். அவர் புகையை விலக்கிக்கொண்டு கிட்ட வந்தார்.

“காக்கா, நீங்க மேற்குக்குக் கூப்பிடேல்லை.”

“மேற்கில ஆரு இருக்காங்க?”

“ஊர் ஒண்டு நிக்குது. நீங்களும் நானும் பார்த்துக்கொண்டுதானே நிக்கிறம்.”

“அது ஊரா காசியண்ணன்? வெயில் பட்டாப் போயிரும்.”

“மாடு போகேல்லையே, நிக்குதே” என்றார் காசிநாதர். கலீலுர் றஹ்மான் இரும்பைத் தண்ணீரில் வைத்தார். அது சீறிய சத்தத்தில் அந்தக் கதை முடிந்துவிட்டது.

குறி ஆறிய நாளிலிருந்து சடைநாகு கன்று போடாமலே பால் கறந்தது. அந்தப் பாலில் உறைந்த தயிரைச் சட்டியோடு கவிழ்த்துப் பிடித்தாலும் விழாது. கடைகளில் பால்மா இல்லாத காலம். உப்புவெளிக் கடற்கரை விடுதிக்காரர்கள் டீசல் இல்லாமல் சைக்கிளில் ஆள் அனுப்பி வாங்கினார்கள். கலீலுர் றஹ்மான் வீட்டுக் கூரைக்குப் புது ஓடு போட்டார், றுக்கியாவுக்கு அடகிலிருந்த தோட்டை மீட்டுக் கொடுத்தார். மேற்குக் கரையில் நீண்ட அங்கி போட்ட ஒரு மனிதன், ஒரு கையை அங்கிக்கு வெளியே விட்டு வெறுங்கையோடு, ஒவ்வொரு விடியலிலும் இந்தப் பக்கம் பார்த்தபடி நிற்பதை அவர் கண்டார். கண்டதை யாரிடமும் சொல்லவில்லை.

மாரி முடிந்து மறு கோடை தொடங்கியபோது றுக்கியாவுக்குக் குளிரத் தொடங்கியது. முதலில் அது ஒரு சாதாரணக் கதையாகத்தான் இருந்தது. சித்திரை வெயிலில் தார் உருகி ஓடும்போது அவள் இரண்டு போர்வை கேட்டாள். பேசும்போது அவளுடைய வாயிலிருந்து புகை வந்தது. மூதூர் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள், காய்ச்சல் பார்க்கிற கருவி வேலை செய்யவில்லை என்று இன்னொன்றைக் கொண்டுவந்தார்கள், அதுவும் ஏறவில்லை. பள்ளிவாசல் லெப்பை ஓதி ஊதிக் கொடுத்த தண்ணீர் அவள் கையில் வாங்கியதும் கோப்பையோடு உறைந்தது. அவர் அதைக் கரைந்த பிறகு குடிக்கச் சொன்னார்.

பிறகு ஒரு விடியலில் றுக்கியா எழும்பியபோது வலது காதில் தோட்டைக் காணவில்லை. தோடு தலையணையில் கிடந்தது. காதில் தொங்கியது சிவப்புக் கம்பளி நூலால் கட்டிய ஒரு குஞ்சம். அவள் அதைக் கத்தரித்து அடுப்பில் போட்டாள். மறுநாள் விடிய அது அதே இடத்தில் இருந்தது. நிப்றாஸ் போனை எடுத்துப் பழைய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தான். அக்கரையில் மேய்ந்த ஒவ்வொரு சடைமாட்டின் காதிலும் அதே சிவப்புக் குஞ்சம் இருந்தது. அங்கே இரும்பு காய்ச்சிச் சுடுவதில்லை, காதில் நூல் கோர்க்கிறார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது.

“மச்சான், அவன் றாத்தாவுக்குக் குறி போட்டிட்டான்” என்றான் நிப்றாஸ், அக்காவின் காதைக் காட்டி.

கலீலுர் றஹ்மான் அவனை வெளியே போகச் சொன்னார். ஆனால் அன்று அவர் சோறு தின்னவில்லை.

ஊர் வேறு விதமாக எடுத்துக்கொண்டது. அந்த நாட்களிலும் கறன்ட் அடிக்கடி நின்றது. கடைக்காரர் சோடாப் போத்தல்களை றுக்கியாவின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். மீன் வாங்கியவர்கள் மீனோடு வந்தார்கள். சீனி வருத்தக்காரர் இரண்டு பேர் ஊசி மருந்தை அவளுடைய மடியில் வைத்துவிட்டுப் போனார்கள். அவள் யாருக்கும் இல்லையென்று சொல்லவில்லை. கதிரையில் போர்த்துக்கொண்டு இருப்பாள், சுற்றிவர மற்றவர்களுடைய சாமான்கள் இருக்கும். அவளுக்குச் சுகம் வரவேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள், ஆனால் யாரும் அவசரப்படவில்லை. அவளே ஒருநாள் கடைக்காரரைப் பார்த்து, “நான் போயிட்டா உங்கட சோடாவை எங்க வைப்பீங்க?” என்று கேட்டாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கண்டு போத்தல்களை எடுத்துக்கொண்டு போனார்.

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவள் போகத் தொடங்கியிருந்தாள். கட்டிலில் படுத்தவள் விடியும்போது வாசல் படலையடியில் மேற்கே பார்த்தபடி நின்றாள். நடந்த தடம் மணலில் இல்லை. அடுத்த கிழமை பட்டியடியில், அதற்கடுத்து வில்லின் கரையில். கையைப் பிடித்து இழுத்தால் வருவாள், வீட்டில் இருப்பாள், சமைப்பாள், மறு விடியலில் முன்பு நின்ற இடத்திலிருந்து கொஞ்சம் அங்கால் நிற்பாள். கதவைப் பூட்டினார்கள், பூட்டு பூட்டியபடியே இருந்தது, அவள் வெளியே இருந்தாள். தண்ணீருக்குள் போன நாட்களில் அவளுடைய கால் நனையவில்லை. அவள் நின்ற இடத்தில் ஒரு பாயளவு தண்ணீர் உறைந்திருந்தது.

அவளிடம் கேட்டதற்கு, தான் எங்கும் போகவில்லை என்றும் விடியும்போது அந்தப் பக்கம் யாரோ மாட்டை அழைப்பதுபோல அழைப்பது கேட்கிறது, கேட்கும்போது அங்கே நிற்கிறேன் என்றும் சொன்னாள். பிறகு கணவனைப் பார்த்து, “இஞ்ச பாருங்க, அந்த நாகை அவனுக்கே குடுத்திருங்க. கூரையைப் பிரிச்சி வித்தாலும் பரவால்ல” என்றாள்.

கலீலுர் றஹ்மான் மறு விடியலிலேயே சடைநாகை வில்லுக்குள் இறக்கினார். அது நீந்தி அக்கரை ஏறியது. அங்கி போட்ட மனிதன் வந்து அதன் தொடைச் சடையை விலக்கிப் பார்த்தான். பிறைக்குறியைக் கண்டான். பிறகு தானே அதைத் தண்ணீர்வரை நடத்திவந்து இந்தப் பக்கம் திருப்பிவிட்டான். அவர் மறுநாளும் அனுப்பினார், அவன் மறுநாளும் திருப்பினான். கோபமாகத் தட்டிவிடவும் இல்லை.

காசிநாதர் வெருகலிலிருந்து வந்து, பால் கொட்டிலில் இருந்துகொண்டு இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னார். அவன் மாட்டுக்காரன். இன்னொருவருடைய குறி விழுந்த மாட்டை எடுக்க மாட்டான். உங்கள் பட்டிக்குள் அவனுடைய குஞ்சம் தொங்குகிற மாடு வந்தால் நீங்கள் கட்டுவீர்களா? அவனிடமிருந்து போனது குறியில்லாத நாகு. அவனுக்குப் போகவேண்டியதும் குறியில்லாத நாகு. அனுப்புங்கள். அவன் முறைப்படி கூப்பிடுவான்.

“நீங்க வாயைத் திறக்கப்படாது. அவ்வளவுதான் வேலை, காக்கா” என்றார் காசிநாதர்.

“அது என்ன பெரிய வேலையா?”

குறி சுடாமல் அவரிடம் இருந்தது ஒரே ஒரு எருமை நாகு. தாய்க்குப் பால் வராததால் றுக்கியா போத்தலில் பால் கொடுத்து வளர்த்தது; அதற்குச் சூடு வைக்க அவள் விட்டதில்லை. அவளுடைய குரல் கேட்டால் எங்கே நின்றாலும் ஓடிவரும். வேறொன்றை வாங்கி அனுப்பலாம் என்று நிப்றாஸ் சொன்னான். வாங்குகிற எல்லாவற்றிலும் யாரோ ஒருவருடைய குறி இருந்தது. விடியலில் அந்த நாகை இறக்கிவிட்டார்கள்.

அங்கி போட்டவன் அதைப் பிடித்துச் சுற்றிவரப் பார்த்தான், தொடையைத் தடவினான், காதை மடக்கிப் பார்த்தான். பிறகு மலைப்பக்கம் திரும்பிக் கூப்பிட்டான். அவனுடைய மொழி யாருக்கும் விளங்கவில்லை, ஆனால் அந்த இழுப்பு விளங்கியது. அப்படி இழுத்துக் கூப்பிடுவதற்கு உலகத்தில் ஒரு காரணம்தான் இருக்கிறது. மலைக்கு மூன்று தரம், கூடாரங்களுக்கு மூன்று தரம், தெருவுக்கு மூன்று தரம். பிறகு இந்தப் பக்கம் திரும்பினான். இந்தப் பக்கம் அவனுடைய கண்ணுக்கு என்னவாகத் தெரிந்ததோ, வெறும் தண்ணீராகவும் இருக்கலாம். இருந்தாலும் திரும்பினான், கையை வாய்க்குப் பக்கத்தில் குவித்துக் கூப்பிட்டான். கலீலுர் றஹ்மான் பத்து வயதில் பட்டிக்குப் போனவர். அந்த அழைப்பு எந்தப் பக்கத்திலிருந்து கேட்டாலும், சோறு தின்னும்போது கேட்டாலும், தொண்டை தானாகவே பதில் சொல்லிப் பழகியது. இரண்டாம் தரம் அவன் கூப்பிட்டு வாய் மூடுவதற்குள் இவர் எழும்பி நின்று சொல்லிவிட்டார்:

“ஓம், என்ட!”

அக்கரை மனிதன் கையை உயர்த்தினான், சரி, உன்னுடையதுதான் என்பதுபோல. நாகைத் திருப்பி அனுப்பினான். காசிநாதர் தலையில் கைவைத்துக்கொண்டு மணலில் குந்திவிட்டார். மறுநாள் றுக்கியாவின் இடது காதிலும் குஞ்சம் தொங்கியது. அன்று விடியலில் அவள் நின்றது வில்லின் சரிநடுவில். பிடித்து இழுத்தும் வரவில்லை. மரக்கட்டையைப்போல அசையாமல் நின்றாள். கண் மட்டும் அசைந்தது. வெயில் ஏறி ஊர் மறைந்த பிறகுதான் வள்ளத்தில் தூக்கிவைக்க முடிந்தது. வள்ளத்தின் அடிப்பலகையில் வெள்ளையாக உறைபனி படிந்தது. நாளைக்கு அவள் நடுவைத் தாண்டியிருப்பாள் என்று எல்லாருக்கும் தெரிந்தது. தாண்டினால் அவள் வில்லுக்கு எந்தப் பக்கத்து ஆள் என்பதும் தெரிந்தது.

அடுத்த விடியலுக்கு ஊர் முழுக்கக் கரைக்கு வந்தது. மற்ற மாடுகள் சத்தம் போட்டால் அதையும் பதிலென்று எடுத்துவிடுவான் என்று நிப்றாஸ் முழுப் பட்டியையும் மூதூர்ப் பக்கம் ஓட்டிக்கொண்டு போயிருந்தான். கலீலுர் றஹ்மான் தலைத்துண்டைச் சுருட்டித் தன் வாய்க்குள் திணித்துக்கொண்டார். காசிநாதர் பின்னால் நின்று அவருடைய இரண்டு தோளையும் அழுத்திப் பிடித்தார். றுக்கியா நடுவுக்கு ஒரு சாண் அங்கால், பாயளவு பனியில், இவர்களுக்கு முதுகு காட்டி நின்றாள். நாகு அவளைக் கடந்து நீந்தியது. கடக்கும்போது நின்று அவளுடைய காலை மோந்து பார்த்தது. பிறகு போனது.

அவன் மலைக்குக் கூப்பிட்டான், கூடாரத்துக்குக் கூப்பிட்டான், தெருவுக்குக் கூப்பிட்டான். இந்தப் பக்கம் திரும்பி ஒருதரம் கூப்பிட்டான். கலீலுர் றஹ்மானுடைய கழுத்து நரம்பு புடைத்தது. இரண்டாம் தரம் கூப்பிட்டபோது துண்டுக்குள்ளிருந்து ஏதோ வந்தது, சொல்லாக வரவில்லை, காசிநாதர் தன் கையாலும் பொத்திக்கொண்டார். அப்போதுதான் அக்கரையில் நாகு றுக்கியாவைப் பார்த்துக் கத்தியது, பால் கேட்கிறபோது கத்துவதுபோல. கரையில் நின்ற எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது: அவளும் சொந்தக்காரிதான். அவளுடைய வாயை யாரும் பொத்தவில்லை. அவள் இதுவரை அந்த நாகு கத்திப் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. அவளிடம் கத்திச் சொல்லலாம் என்றால் அதுவும் பதிலாகிவிடும். யாரும் மூச்சு விடவில்லை. அவளுடைய வாயிலிருந்து மட்டும் புகை போய்க்கொண்டிருந்தது. மூன்றாம் தரம் கூப்பிட்டான். நாகும் கத்தியது. றுக்கியா கையை உயர்த்தி, முக்காட்டின் ஓரத்தை இழுத்து, சுருட்டித் தன் வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டாள். புகை நின்றது.

அங்கி போட்டவன் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் காத்திருந்தான். பிறகு குனிந்து, இடுப்பிலிருந்து சிவப்பு நூலை எடுத்து நாகின் காதில் கோர்த்தான். அவன் முடிச்சுப் போட்ட நேரம் றுக்கியாவின் இரண்டு காதிலிருந்தும் குஞ்சங்கள் கழன்று தண்ணீரில் விழுந்தன. காலுக்குக் கீழே பனி உடைந்தது. அவள் இடுப்பளவு தண்ணீரில் தொப்பென்று இறங்கி, திரும்பி, முக்காட்டை வாயிலிருந்து எடுத்தாள்.

“இஞ்ச பாருங்க, தண்ணி சுடுது” என்றாள்.

பிறகு வில்லுக்குள் நின்றபடியே அழுதாள். அது குளிருக்கும் அல்ல, சூட்டுக்கும் அல்ல, போத்தலில் பால் குடித்த நாகுக்கு. கலீலுர் றஹ்மான் துண்டை வாயிலிருந்து எடுக்க மறந்து தண்ணீருக்குள் இறங்கி ஓடினார்.

சடைநாகு அன்றோடு பால் வற்றி மற்ற மாடுகளைப்போல ஆகிவிட்டது. உரிய காலத்தில் நாம்பனோடு சேர்ந்து, உரிய காலத்தில் கன்று போட்டது. வெயிலுக்குச் சடையை மட்டும் வருடத்துக்கு ஒருதரம் கத்தரித்துவிட வேண்டியிருக்கிறது. கடைக்காரர் ஒரு பழைய குளிர்ப்பெட்டி வாங்கினார். மேற்குக் கரை ஊர் ஒவ்வொரு கோடையும் வருகிறது, வெயில் ஏறப் போகிறது. அங்கே சடைமாடுகளுக்கு நடுவில் ஒரு எருமை மேய்வது தெரியும். அதற்கும் இப்போது சடை வளர்ந்துவிட்டது. சில விடியல்களில் றுக்கியா கரைக்குப் போய் நிற்பாள், இப்போது நடந்துதான் போவாள், மணலில் தடம் இருக்கும். அது தலையைத் தூக்கிப் பார்க்கும். அவள் கூப்பிட மாட்டாள்.

தில்லைத்திடலில் குறிசுடும் நாளில் இப்போது நான்கு திசைக்கும் கூப்பிடுகிறார்கள். மேற்கே கூப்பிடுவது கலீலுர் றஹ்மானுடைய வேலை, வேறு யாரையும் அவர் விடுவதில்லை. பெரும்பாலும் பதில் வராது. போன வருடம் ஒருதரம் வந்தது. அவர் கையை உயர்த்திக் காட்டிவிட்டு, சூட்டு இரும்பைப் பக்கத்தில் வைத்தார், மாட்டை அவிழ்த்துத் தண்ணீர்வரை நடத்திக்கொண்டு போனார்.